பதினோராவது அன்பியம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் பெயர் கூப்பிடுகிற வேலை பரிபூரணத்துக்கு. வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்கள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்துகொண்டிருப்பார்கள். அவர்களை வரிசையில் வைத்து, பயந்தவரைத் தேற்றி, முந்துகிறவரை அதட்டி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கென்று அவளுக்கு ஒரு மைக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அதை மேசை டிராயருக்குள் போட்டுவிட்டாள். சாத்தான்குளத்துக்குத் தெற்கே, வீட்டுக்கு வீடு ஒரு பனங்காடு இடைவெளி கிடக்கிற ஊரில் பிறந்தவள். அங்கே அடுத்த வீட்டில் தீப்பெட்டி கேட்பதற்கே ஒரு குரல் வேண்டும்.

கணவர் அருளப்பன் அரசு பஸ் டிரைவர். திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓட்டி ஓட்டி, பேச்சைக் குறைத்துக்கொண்டவர். வெகுகாலம் பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, இருவருமாக லோன் போட்டுக் கால்வாய்க்கரையில் கனி நகரில் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். முந்தி வயலாகக் கிடந்த இடம். மழை பெய்தால் இன்றைக்கும் தவளைகள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை.

அவர்கள் குடிவந்த மறுவருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரம். பங்குக்குப் புதிதாக வந்திருந்த பாதிரியார் பெலவேந்திரன் சாமி இளவயதுக்காரர். "நம்ம பங்குல பத்து அன்பியம் இருக்கு. கால்வாய்க்கரையில புதுசா வந்திருக்கிற குடும்பங்க எதுலயும் சேரல. அவங்களுக்காகப் பதினோராவது அன்பியம் ஒண்ணு தொடங்கணும். யாராவது பொறுப்பு எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அன்பியம் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடும். ஒரு பாட்டு, நற்செய்தியில் ஒரு பகுதி, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, ஜெபம். அப்புறம் தெருவில் யாருக்கு என்ன கஷ்டம், நம்மால் என்ன செய்ய முடியும் என்று ஒரு முடிவு. அடுத்த மாதம் அடுத்த வீடு. சொல்லும்போது எளிதாக இருப்பதால்தான் யாரும் கையைத் தூக்கவில்லை. எல்லோரும் அவரவர் செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அமைதியில் பரிபூரணம் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "கால்வாய்க்கரைன்னா நம்ம கனி நகர்தான?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகக் கேட்டது கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

"ஆமாம்மா, அதேதான். ரொம்ப நன்றி" என்றார் சாமி பீடத்திலிருந்து.

கோயில் மொத்தமும் சிரித்தது. பரிபூரணம் எழுந்து நின்றாள். மறுத்திருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்கமாட்டார்கள். அவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. "சரி சாமி, செய்யுதேன்" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனாள். கனி நகரில் வீடுகள் புதுசு, கேட்டுகள் உயரம். நாங்குநேரிப் பக்கமிருந்து வந்தவர்கள், கடலோரத்திலிருந்து வந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வீடு கட்டிவிட்டு அதில் தனியாக இருக்கிறவர்கள். ஒருவரை ஒருவர் பூசையில் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாது. சீட்டு பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு வீட்டில் கதவைத் திறக்கவேயில்லை. இன்னொரு வீட்டில் ஒருவர் கேட்டுக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "நாங்க கத்தோலிக்கங்க. எங்களுக்குப் பிரசங்கம் எதுவும் வேண்டாம்" என்றார்.

"நானும் அதேதான் அண்ணாச்சி. கேட்டைத் திறங்க, ஒங்க நாய் குலைக்கிறதுல நீங்க சொல்லுதது எனக்குக் கேக்கல" என்றாள் பரிபூரணம். அந்த ஆள்தான் அப்பாத்துரை, கட்டிட வேலை மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். பின்னால் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடாதவர்.

முதல் கூட்டம் அவள் வீட்டில். பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். "நான் மாடசாமி கும்பிடுதவ. இருந்து கேக்கலாமா?" என்று கேட்டாள். "நாற்காலி கொண்டுவந்தவளுக்கு இடம் இல்லாமலா?" என்று பரிபூரணம் அவளை முன்னால் உட்காரவைத்தாள். நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தன. வந்தவர்களில் அப்பாத்துரை ஜெபம் சொல்லத் தொடங்கினார். பாப்பரசரில் ஆரம்பித்து, பிரதமர், கலெக்டர் என்று இறங்கி, பாபநாசம் அணையின் நீர்மட்டத்துக்கு வந்துசேர்ந்தபோது ஒரு குழந்தை தூங்கிப்போயிருந்தது. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் பரிபூரணம் பலமாக "ஆமென்" என்றாள். எல்லோரும் நிம்மதியாக அதையே திருப்பிச் சொன்னார்கள். அப்பாத்துரை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அவரும் சொன்னார்.

அன்றைக்கே ஒரு விதி வைத்தாள். கூட்டம் ஒரு மணி நேரம். அதற்கு மேல் பேச இருக்கிறவர்கள் சாயா குடித்துக்கொண்டு பேசலாம். அந்த விதியில்தான் பதினோராவது அன்பியம் வேர் பிடித்தது. நற்செய்தியைப் பற்றிப் பேசச் சொன்னால் வாய் திறக்காதவர்கள், கையில் சாயா டம்ளர் வந்ததும் பேசினார்கள். கண் ஆப்பரேஷனுக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு கிழத்தம்பதி தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த வாரமே ஒருவர் கார் எடுத்தார், ஒருவர் லீவு போட்டார். இன்னொரு வீட்டில் முட்டி ஆப்பரேஷன் ஆகிப் படுத்திருந்த அம்மாவுக்கு, எழுந்து நடக்கிறவரைக்கும் வீட்டுக்கு ஒரு நாள் சோறு போயிற்று. கேட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு வருஷத்துக்குள் சுடலைவடிவின் நாற்காலிகள் போதாமல், தரையில் ஜமுக்காளம் விரிக்க வேண்டியதாயிற்று.

பாட்டுக்கு வெரோணிக்கம்மாள் இருந்தார். அருளப்பனின் அக்கா, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அதே கனி நகரில் அடுத்த தெரு. அவர் முதல் வரியை எடுத்தால் பாடத் தெரியாதவர்களும் தாமாகச் சுருதிக்கு வந்துவிடுவார்கள். தம்பி மனைவிமேல் அவருக்குப் பிரியம் உண்டு. அவள் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்று நினைப்பார், அதைச் சொல்லவும் செய்வார்.

வெரோணிக்கம்மாள் வீட்டு முறை, ஈஸ்டருக்கு முன்னால் நோன்பிருக்கிற தவக்காலத்துக்கு முந்தின மாதம் வந்தது. முறுக்கு, கேக், முந்திரி போட்ட கேசரி என்று தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் வெரோணிக்கம்மாள் சொன்னார்: "ஒரு யோசனை. தவக்காலம் வருது. இந்தச் சாயா, பலகாரம் எல்லாம் இனி வேண்டாமே? எல்லார் வீட்டுலயும் ஒரே மாதிரி வசதி இருக்காது. எளிமையா இருந்துட்டுப் போவோம்."

நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். பரிபூரணமும் ஆட்டினாள்.

அடுத்த கூட்டம் பாக்கியசீலி வீட்டில். பாக்கியசீலியின் கணவர் சூசைமாணிக்கம் மின்வாரியத்தில் லைன்மேன். முதல் கூட்டத்திலிருந்தே வருகிற குடும்பம். மறுநாள் சாயங்காலம் அவள் பரிபூரணத்தைத் தேடி வந்தாள். உள்ளே வந்து உட்காராமல், வாசற்படியிலேயே நின்றாள்.

"அக்கா, அடுத்த மாசம் எங்க வீடு வேண்டாம். வேற வீட்டுக்கு மாத்திக்கோங்க."

"ஏன் சீலி, வீட்டுல ஏதும் விசேஷமா?"

பாக்கியசீலி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவே ஒங்களுக்குத் தெரியலியா? இத்தன வீட்டுல சாயா குடிச்சோம். எங்க வீட்டு முறை வரும்போதுதான் எல்லாருக்கும் எளிமை ஞாபகம் வருது."

பரிபூரணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சூசைமாணிக்கம் பிறந்தது பங்குக் கோயில் இருக்கிற பழைய ஊரின் கீழத்தெருவில். பழைய பத்து அன்பியங்களில் அந்தத் தெரு தனி அன்பியமாகவே இருந்தது. யாரும் அப்படி வைக்க வேண்டும் என்று சொன்னதில்லை, அப்படியே இருந்துவந்தது. கனி நகரில் மனை வாங்கிக் கட்டினவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். மற்றவர்கள் மறக்கவில்லை.

"சத்தியமா எனக்குத் தோணல சீலி."

"தோணாம இருக்கிறதுக்கும் ஒரு வசதி வேணும்லா அக்கா" என்றாள் பாக்கியசீலி. அவள் குரலில் அழுகை இல்லை. "என் வீட்டுச் சாயாவ யாரும் குடிக்கணும்னு நான் கெஞ்சப்போறதில்ல. எனக்கு என்ன ஆத்திரம்னா, அந்த இடத்துல உக்காந்து நானும் தலையாட்டிட்டு வந்திருக்கேன். வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரு சொன்னப்புறந்தான் எனக்கே உறைக்குது."

"கூட்டம் ஒன் வீட்டுலதான்" என்றாள் பரிபூரணம். "சாயாவும் உண்டு. நீ சரின்னா சொல்லு. வேண்டாம்னா நான் வற்புறுத்தல."

பாக்கியசீலி யோசித்தாள். "யாரும் வரலன்னா?"

"நான் வருவேன். எங்க வீட்டு ஆளு வருவாரு. சாயாவ நாங்க ரெண்டு பேருமே குடிச்சுத் தீத்துருவோம்."

பாக்கியசீலிக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

பரிபூரணம் முதலில் பெலவேந்திரன் சாமியிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பங்குக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

"பக்குவமாப் போகணும்மா. ஒண்ணு செய்யலாம். ஒங்க அன்பியம் இப்போ பெருசாயிட்டு. கால்வாய்க்குக் கிழக்கே ஒண்ணு, மேக்கே ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சா யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது."

"கிழக்கே யாரு இருக்கா, மேக்கே யாரு இருக்கான்னு பாத்துட்டுத்தான் சொல்லுதீங்களா சாமி?"

சாமி மேசையிலிருந்த பங்குப் பதிவேட்டை மூடிவைத்தார்.

"பிரிச்சா நான் ரெண்டுலயும் இல்ல. வேற ஆள் பாத்துக்கோங்க."

"சரி, பிரிக்கல. அன்னைக்கு நானே வாரேன். யூதருங்க ஒதுக்கிவச்ச சமாரியப் பெண்கிட்ட ஆண்டவர் தண்ணி கேக்கிற பகுதிய வாசிச்சு விளக்கம் சொல்லுதேன். எல்லாருக்கும் புரியும்."

பரிபூரணம் மறுத்துத் தலையசைத்தாள். "அது வேண்டாம் சாமி. அவ வீட்டுல உக்காந்து அதை வாசிச்சா, அவளைத்தான் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அந்த வாரத்துக்கு எது வருதோ அத வாசிப்போம். நீங்களும் வர வேண்டாம். நீங்க வந்தா ஒங்களுக்காக எல்லாரும் குடிப்பாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவ வீட்டுக்கு ஒங்களக் கூட்டிக்கிட்டா போக முடியும்?"

சாமி அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்போ எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"நாளைக்கு யாராவது வந்து ஒங்ககிட்ட என்னப் பத்திச் சொல்லுவாங்க. அதுக்கு முன்னால நானே சொல்லிருவோம்னு வந்தேன்."

அடுத்துப் போனது வெரோணிக்கம்மாள் வீட்டுக்கு. அதுதான் கடினமான வீடு.

"மதினி, எளிமை நல்லதுதான். ஆனா அதப் பாக்கியசீலி வீட்டுல தொடங்க வேண்டாம். அவ வீட்டுக் கூட்டம் முடியட்டும். அதுக்கப்புறம் எத்தன மாசம் வேணும்னாலும் வெறுந்தண்ணி குடிச்சிக்கிட்டே கூடுவோம்."

"நான் அத நெனச்சுச் சொல்லல" என்றார் வெரோணிக்கம்மாள் உடனே.

"அப்படின்னா ரொம்ப நல்லது. நீங்க வந்து பாட்டு எடுத்துக் குடுத்துட்டு, ஒரு வாய் சாயா குடிச்சிட்டு வாங்க."

வெரோணிக்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தபடியே சொன்னார்: "சின்னவளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். ஊர்க்காரங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக்கூடாது."

"பொண்ணு பாக்க வாரவங்க சாயா டம்ளரையா பாப்பாங்க மதினி?"

"பாப்பாங்க. ஒனக்குத் தெரியாதா?"

பரிபூரணத்துக்குத் தெரியும். அதே சொந்தபந்தத்தில் வாழ்கிறவள்தானே. "நான் கூப்பிட்டாச்சு மதினி. வாரதும் வராததும் ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அருளப்பனிடம் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்க அக்காகிட்டயே சண்டைக்குப் போயிட்டு வந்திருக்க" என்றார்.

"சண்ட போடல. கூப்பிட்டுட்டு வந்திருக்கேன்."

"சரி, விடு. நான் அன்னைக்கு டூட்டிய மாத்திக்கிடுதேன்" என்றார் அவர். இத்தனை மாதத்தில் கூட்டத்துக்காக அவர் டூட்டி மாற்றியதில்லை.

அன்பியத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் எழுதுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். "கூட்டம் பாக்கியசீலி வீட்டுல. சாயா உண்டு. வாங்க." அவ்வளவுதான் சொன்னாள், எல்லோருக்கும் ஒரே மாதிரி. சிலர் "பாக்குதோம்" என்றார்கள். ஒருவர் காரணம் சொல்லத் தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வர முடிஞ்சா வாங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று மாலையே குழுவிலிருந்து இரண்டு பேர் வெளியேறியதாகப் போன் காட்டியது. அவர்கள் பழைய தெரு அன்பியம் ஒன்றில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். அன்றைக்கு இரவு, எழுப்பின கட்டிடத்தை நானே இடிக்கிறேனா என்று ஒரு எண்ணம் வந்தது. காலையில் எழுந்தபோது அது போயிருந்தது.

கூட்ட நாளில் முதலில் வந்தவர் அப்பாத்துரை. வாசலில் நின்று பாக்கியசீலியின் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, "பூச்சு வேல நல்லாருக்கே, யாரு செஞ்சது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். பின்னாலேயே சுடலைவடிவு. அப்புறம் முட்டி ஆப்பரேஷன் ஆன அம்மா, மகன் கையைப் பிடித்துக்கொண்டு. கிழத்தம்பதி. வழக்கமாக வருகிறவர்களில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தார்கள். வெரோணிக்கம்மாள் வரவில்லை.

பாட்டு எடுக்க ஆளில்லை. எல்லோரும் பரிபூரணத்தைப் பார்த்தார்கள். அவளுக்குக் குரல் உண்டே தவிர ராகம் கிடையாது. யாரும் எதிர்பாராத விதமாக அருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். மலைப்பாதையில் ஏறுகிற பஸ் மாதிரி, வரிக்கு வரி கியர் மாறியது. ஆனாலும் முடிவுவரைக்கும் ஓட்டிச் சேர்த்துவிட்டார்.

அந்த வாரத்து நற்செய்தி, ஆண்டவர் மலைமேல் உருமாறுவதும், பேதுரு அங்கேயே மூன்று கூடாரம் போடலாம் என்று சொல்வதும். அப்பாத்துரைக்குக் கூடாரம் என்ற சொல் போதும். மலையில் அஸ்திவாரம் போடுவது எவ்வளவு கஷ்டம், பேதுரு யோசிக்காமல் பேசிவிட்டார் என்று விளக்கத் தொடங்கினார். சூசைமாணிக்கம் அதிகம் பேசாதவர். அன்று சொன்னார்: "எனக்கு என்ன தோணுதுன்னா, மேல நின்னு பாக்க நல்லாத்தான் இருக்கும். நான் தெனம் கம்பத்துல ஏறுதவன். ஆனா கீழ எறங்கி வந்தாத்தான் வீட்டுக்குப் போக முடியும்." எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதற்கப்புறம் தானாக நடந்தது.

சாயா வந்தது. தட்டில் இஞ்சி தட்டிப்போட்ட சாயாவும், பக்கத்தில் பருப்பு வடையும். அப்பாத்துரை, "எனக்குச் சீனி இல்லாம ஒண்ணு போட்டுத் தாம்மா" என்றார். பாக்கியசீலி போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கிழவர் இரண்டு வடை எடுத்தார், மனைவி முறைத்ததும் ஒன்றைத் திருப்பி வைத்தார். தட்டு ஒரு பெண்ணிடம் வந்தபோது, "நான் இன்னைக்கு ஒருசந்தி" என்றாள் அவள், உபவாசம் என்று. பாக்கியசீலியின் கை ஒரு நொடி நின்றது. பரிபூரணம் அந்தப் பெண்ணைப் பார்க்கவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. தட்டு அடுத்தவரிடம் போயிற்று. மற்றவர்கள் குடித்தார்கள். பேச்சுக் கச்சேரி முடிந்து எல்லோரும் எழுந்திருக்கையில் தெருவிளக்கு எரிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

எல்லோரும் போன பிறகு பாக்கியசீலி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "ஒருசந்தின்னு சொன்னவ நெசமாவே ஒருசந்தியாத்தான் இருப்பாளோ அக்கா?" என்றாள்.

"இருக்கலாம். அடுத்த தடவ தெரியும்" என்றாள் பரிபூரணம்.

ஆலயத் திருவிழா நெருங்கியபோது வேறொரு சிக்கல் வந்தது. திருவிழா பத்து நாள். பத்து அன்பியங்கள், ஆளுக்கொரு நாளை எடுத்து நடத்துகிற சிறப்பிப்பு. பதினோராவதுக்கு நாள் இல்லை. பங்குப்பேரவைக் கூட்டத்தில் பெரியவர்கள் பரிதாபப்பட்டார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். பரிபூரணம் எழுந்தாள்.

"நாள் வேண்டாம். கடைசி நாள் அசனம் எங்களுக்குக் குடுங்க."

அசனம் என்பது ஊர் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. வழக்கமாக வெளியூரிலிருந்து சமையல்காரரைப் பிடிப்பார்கள், ஒவ்வொரு வருஷமும் சாம்பார் நீர்த்துப்போகும். அந்தத் தொல்லையை யாராவது கேட்டு வாங்குவார்கள் என்று யாரும் நினைத்ததில்லை. சாமி சட்டென்று, "குடுத்தாச்சு" என்றார்.

கனி நகரே அன்று கோயில் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுப்பைச் சூசைமாணிக்கம் பார்த்துக்கொண்டார். பெரிய அண்டாவில் கூட்டத்துக்குச் சமைப்பதில் அவருக்குக் கை உண்டு. காய் நறுக்க முட்டி ஆப்பரேஷன் அம்மா உட்பட எல்லோரும் வந்தார்கள். பந்தியில் பரிமாறப் பாக்கியசீலி தலைமையில் ஒரு கூட்டம். மேலத்தெருப் பெரியவர்கள் சிலர் அந்த வருஷம் புதிதாக, "வயசாச்சு, உக்கார முடியல, பார்சலாக் குடுத்துருங்க" என்றார்கள்.

"பார்சல் கிடையாது அண்ணாச்சி. உக்கார முடியலன்னா நாற்காலி போடுதோம்" என்றாள் பரிபூரணம். அவள் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. சிலர் போய்விட்டார்கள். நிறையப் பேர் உட்கார்ந்தார்கள். சோறு பத்தாமல் இரண்டாவது தடவை உலை வைக்க வேண்டியதாயிற்று. சாம்பாரைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக பரிபூரணம் வீட்டு மாடியில் கூடினார்கள். அருளப்பன் தொடங்கினார். இரண்டாவது பாட்டில் இருக்கும்போது படியேறி வந்தது வெரோணிக்கம்மாள். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. யாரையும் பார்க்காமல், தம்பியை மட்டும் பார்த்துச் சொன்னார்: "ஏலே, போதும்டா. அடுத்த தெருவுல உக்காந்திருக்க முடியல." பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியை எடுத்தார். பாட்டு நேரானது. பாக்கியசீலி இரண்டாவது வரிசையிலிருந்து மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

பாக்கியசீலி வீட்டு முறை மறுபடி வந்தபோது வெரோணிக்கம்மாள் வந்தார். பாட்டு எடுத்தார், வாசிப்புக்குத் தன் கருத்தைச் சொன்னார், கடைசிவரைக்கும் இருந்தார். சாயாத் தட்டு வந்தபோது, "தண்ணி மட்டும் போதும்" என்றார். பாக்கியசீலி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கடுத்த முறையில், "இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று வெரோணிக்கம்மாள் டீச்சர் சொன்னதைச் சுடலைவடிவு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ருசி தெரிய வேண்டுமென்றால் குடித்திருக்க வேண்டுமே. பாக்கியசீலி அதற்குப் பெரிதாக மகிழவும் இல்லை. "டீச்சருக்கு இஞ்சி ஆகாதுபோல" என்றாள், அவ்வளவுதான். குழுவிலிருந்து போன இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்ப வந்தது. மற்றது வரவில்லை. பரிபூரணம் அவர்களைக் கடைத்தெருவில் பார்த்தால் நலம் விசாரிப்பாள், திரும்பி வரச் சொல்லமாட்டாள்.

மூன்று வருஷம் முடிந்ததும் அன்பியத்தின் ஒருங்கிணைப்பாளரை மாற்றுவது பங்கின் வழக்கம். பரிபூரணமே தொடரட்டும் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். "வழக்கத்த மாத்த வேண்டாம்" என்றாள் அவள். யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. அப்பாத்துரைதான், "சீலி பொறுப்பாச் செய்வா" என்றார். கை தூக்கச் சொன்னபோது ஜமுக்காளம் முழுக்கக் கைகள் எழுந்தன. வெரோணிக்கம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிறகு தூக்கினார்.

பாக்கியசீலி பொறுப்பேற்ற முதல் கூட்டத்துக்குப் பரிபூரணம் ஸ்கேன் சென்டரிலிருந்து நேராக வந்தாள், தாமதமாக. இடம் தேடிப் பின்னால், அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கனி நகரின் கடைசித் தெருவில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, யார் போய்க் கூப்பிடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. பரிபூரணம் வழக்கம்போலத் தொடங்கினாள். எந்த நேரத்தில் போகலாம், என்ன பேசலாம், முதலில் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அக்கா" என்றாள் பாக்கியசீலி, புன்னகையோடு, ஆனால் திடமாக. "நீங்க செத்த நேரம் இருங்க. மத்தவங்களும் சொல்லட்டும்."

பரிபூரணம் வாயை மூடிக்கொண்டாள். இதுவரைக்கும் பேசவே பேசாத ஒரு பெண், தன் வீட்டுக்கு எதிர்வீடுதான் அது, தானே போய்வருவதாகச் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்து திரும்புகையில் கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடியது. அணை திறந்திருந்தார்கள். பரிபூரணம் பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் வருவது அருளப்பனுக்குப் பழக்கமில்லை.

"ஒன்னையப் பேசாம இருக்கச் சொல்லிட்டாளேன்னு கோவமா?" என்றார்.

"கோவந்தான்" என்றாள். "நாளைக்குக் காலையில சரியாயிரும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நல்லாச் செய்யுதா, என்னங்க?" என்று கேட்டாள்.

"ஒன்னைய விட நல்லாச் செய்யுதா" என்றார் அருளப்பன்.

பரிபூரணம் சிரித்த சிரிப்பில் ஏதோ ஒரு வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.